மேல் டிவிஷனுக்கு என்ன ரேட்டு மாப்ள?

மாப்ள,

நீ அனுப்பினது வாட்ஸாப் மெசேஜா கடுதாசியான்னே தெரியலடா, நாலு தடவ ஸ்க்ரோல் பண்ணி படிச்சேன், உன் தங்கச்சி வேற பக்கத்துல உக்காந்து எனக்கும் படிச்சு காட்டுங்கன்னு ஒரே நச்சு. பதில் போட பத்து நாளாயிடுச்சு, கோச்சுக்காத. முட்டிக்கு பிசியோ போயிட்டிருக்கேன். எந்த முட்டின்னு கேக்காத, மெரினா கிரவுண்ட்ல மேட்டிங் ஓரத்துல டைவ் அடிச்சேனே, நீ "எஸ்... நோ"ன்னு கத்தினியே, அதே முட்டிதான். முப்பது வருஷம் கழிச்சு பில்லு வருது.

அம்மாக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும் நிம்மதி. சொட்டு மருந்து ஒழுங்கா போடறாங்களான்னு பாரு, அவங்க போட்டேன்னு சொல்லிட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவாங்க, எனக்கு தெரியும்.

இப்ப நம்ம கிரிக்கெட் கிளப் மேட்டருக்கு வரேன். பில்டர் ஒருத்தர் வந்து டீம நான் எடுத்துக்கறேன், பேரு முன்னாடி என் கம்பெனி பேரு, மூணு வருஷத்துல செகண்ட் டிவிஷன், காசு பத்தி கவலப்படாதீங்கன்னு சொல்றாராம், கமிட்டில பாதி பேரு சரிங்கறாங்க பாதி பேரு வேண்டாங்கறாங்க, நீ நடுவுல முழிக்கற, என்ன பண்றதுன்னு என்னைக் கேக்கற. நான் உனக்கு பதில் சொல்ற யோக்யதைல இல்லடா, ஏன்னா ரெண்டு வருஷமா எங்க ஊர்ல இதே கூத்துதான், எங்க வீட்டு டைனிங் டேபிள் வரைக்கும் வந்துடுச்சு. அதச் சொல்றேன், உனக்கு எது உதவுதோ எடுத்துக்கோ.

எங்க ஊர்னா டெலவேர், நூவார்க். ந்யூ ஜெர்சில இருக்கறது வேற, இது "ந்யூ ஆர்க்"னு பிரிச்சு சொல்லணும், தப்பா சொன்னா கடக்காரன் கூட திருத்துவான். மொத்த ஸ்டேட்லயும் மூணே கவுண்ட்டி. பெரிய லீக் டீம் ஒண்ணு கிடையாது, எல்லாத்துக்கும் ஃபிலடெல்ஃபியாவதான் பாக்கணும். அதனால இங்க இருக்கறவங்களுக்கு எங்க யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம்தான் எல்லாம். ஃபுட்பால்னா நம்ம ஊரு கால்பந்து இல்ல, பந்த கையில வெச்சுக்கிட்டு ஓடற அமெரிக்கன் ஃபுட்பால். டீம் பேரு ப்ளூ ஹென்ஸ். கோழியான்னு சிரிக்காத. இங்கிலீஷ்காரனோட சண்டை நடந்த காலத்துல டெலவேர் படைக்காரங்க சண்டைச் சேவலோட போனாங்களாம், அதுங்க எல்லாம் ஒரு நீலக் கோழி போட்ட முட்டைல வந்ததுங்கன்னு கதை. நான் பொங்கலுக்கு சேவக்கட்டு பாத்த கதைய ஆபீஸ்ல சொன்னேன், அன்னிலேர்ந்து எனக்கு ஒரே மரியாதை.

சரி, டிவிஷன் மேட்டர். நாம ஃபோர்த்லேர்ந்து தேர்டுக்கு எப்படிப் போனோம்? ஆடினோம், பாயிண்ட்ஸ் டேபிள்ல மேல வந்தோம், போனோம். அடுத்த வருஷமே ஆடத் தெரியாம கீழ வந்தோம், அது வேற கதை. ஆனா நியாயம் அதுதான? இங்க அப்படி கிடையாதுடா. ஜெயிக்கறதுக்கும் மேல போறதுக்கும் சம்பந்தமே இல்ல. டெலவேர் மொத்தம் 6 தடவ நேஷனல் சாம்பியன், கடைசியா 2003ல ஃபைனல்ல கோல்கேட்ங்கற காலேஜ 40-0ன்னு அடிச்சு ஜெயிச்சாங்க, அதுக்காக யாராவது மேல வாப்பான்னு கூப்ட்டாங்களா? இல்ல. அதே கீழ் போர்ஷன்லதான் இருந்தாங்க.

ஆமா, கீழ் போர்ஷன், மாடி போர்ஷன்னே வெச்சுக்கோ, அப்பதான் புரியும். டிவிஷன் 1னு ஒரே வீடு, ஆனா ஃபுட்பாலுக்கு மட்டும் அதுல ரெண்டு போர்ஷன். மேல எஃப்.பி.எஸ், கீழ எஃப்.சி.எஸ். டிவி, காசு, பெரிய ஸ்டேடியம் எல்லாம் மாடில. மாடிக்குப் போகணும்னா ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது பத்து பன்னண்டு காலேஜ் சேந்த கூட்டணி, வாங்கன்னு கூப்பிடணும். அப்பறம் வீட்டுக்காரனுக்கு, அதாவது காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்தற சங்கம் என்.சி.ஏ.ஏ.வுக்கு, அட்வான்ஸ் கட்டணும். அந்த அட்வான்ஸ் எவ்ளோ தெரியுமா? ரொம்ப நாளா வெறும் 5,000 டாலர். 2023 அக்டோபர்ல திடீர்னு அத 50 லட்சம் டாலராக்கிட்டான்! ஆயிரம் மடங்கு. நம்ம மயிலாப்பூர் வீட்டுக்காரங்க எல்லாம் தெய்வம்டா. அதுக்கு அடுத்த மாசம், நவம்பர் 28, டெலவேர் அறிவிக்குது, நாங்க 2025லேர்ந்து கான்ஃபரன்ஸ் யூ.எஸ்.ஏ.ல சேர்றோம், மாடிக்குப் போறோம்னு.

எங்க வீட்ல சண்டை அன்னிக்கே ஆரம்பிச்சுது. பையன் அங்கதான் படிச்சான், அவனுக்கு தலைகால் புரியல. அப்பா, இனிமே நம்ம பேரு ஸ்போர்ட்ஸ் சேனல்ல கீழ ஓடும்பா, அப்படிங்கறான். உன் தங்கச்சி ஒரே கேள்விதான் கேட்டா, "காசு யார் கட்றா?" பேங்க்ல வேல பாக்கறது நான், கேள்வி கேக்கறது அவ.

நியாயமான கேள்விதான். ஃபுட்பால் காசு கொட்டும்னு எல்லாரும் நினைக்கறாங்க, கொட்டறது மேல இருக்கற பெரிய கைகளுக்குத்தான். மாடில ஓரமா இருக்கற காலேஜ் எல்லாம் பெரும்பாலும் யுனிவர்சிட்டி கஜானாலேர்ந்தும் பசங்க ஃபீஸ்லேர்ந்தும்தான் எடுத்து ஓட்டுது. வர்ஜீனியால ஜேம்ஸ் மேடிசன்னு ஒண்ணு, நம்ம பழைய கூட்டாளி, 2022ல மாடி ஏறிட்டாங்க, அங்க ஃபுட்பால் பாக்கற புள்ள பாக்காத புள்ள எல்லாமே ஸ்போர்ட்ஸுக்குன்னு வருஷத்துக்கு 2,000 டாலருக்கு மேல ஃபீஸ்ல கட்டுது. கெமிஸ்ட்ரி படிக்க வந்த புள்ள ஏண்டா கட்டணும்? செலவும் லேசுப்பட்டதில்ல. கீழ இருந்தப்ப ஃபுட்பாலுக்கு 63 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு, மேல அப்ப 85. ஆம்பளப் பசங்களுக்கு 22 ஸ்காலர்ஷிப் ஏறினா பொண்ணுங்க பக்கமும் ஈடு கட்டியாகணும், 1972லேர்ந்தே சட்டம் அப்படி. அதனால டெலவேர் என்ன பண்ணிச்சு தெரியுமா, பொண்ணுங்களுக்கு ஐஸ் ஹாக்கி டீம் புதுசா ஆரம்பிச்சுது, 2025லதான் முதல் சீசன். ஃபுட்பால் மாடி ஏறினதால யாரோ ஒரு பொண்ணுக்கு ஐஸ் ஹாக்கில படிப்பு ஃப்ரீயா கெடைக்குது பாரு. இத மட்டும் உன் தங்கச்சி ஒத்துக்கிட்டா.

நானும் மொதல்ல வேண்டாம் கட்சிதான். எதுக்குடா, கீழ ராஜா மாதிரி இருக்கோம், மேல போயி வாட்ச்மேன் ஆகணுமான்னு கேட்டேன். அப்பறம் மனசு கொஞ்சம் மாறிச்சு. பேராசைன்னு நான் நினைச்சது பேராசை இல்லடா, பயம். பக்கத்து வீட்டுக்காரன் எல்லாம் ஒவ்வொருத்தனா காலி பண்றான். 2007ல ஜோ ஃப்ளாக்கோ நம்ம டீமுக்கு ஆடி ஃபைனல் போனாரு (பின்னாடி ரேவன்ஸ்ங்கற ப்ரொஃபஷனல் டீமுக்கு சூப்பர் பவுல், அதாவது பெரிய லீக் ஃபைனல், ஜெயிச்சு குடுத்த அதே ஆளு), ஃபைனல்ல நம்மள 49-21ன்னு அடிச்சது அப்பலாச்சியன் ஸ்டேட், அதே வருஷம் செப்டம்பர்ல மாடில இருக்கற பெரிய கை மிச்சிகன அவன் சொந்த கிரவுண்ட்ல போயி 34-32ன்னு கவுத்தவங்க. அவங்க 2014ல போயிட்டாங்க. அப்பறம் ஜேம்ஸ் மேடிசன். நல்ல டீம் எல்லாம் போயிட்டா கீழ யாரோட ஆடறது? அக்கம்பக்கத்துல எல்லாரும் காலி பண்ணிட்டுப் போனா மிச்சம் இருக்கறவன் மோட்டர் ரிப்பேர் செலவ ஒத்த ஆளா கட்டணும் பாரு, அந்த நெலம.

இருந்தாலும் எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு, அதச் சொல்லத்தான் இவ்ளோ நீட்டறேன்.

2024 சீசன். அறிவிச்சாச்சு, பணம் கட்டியாச்சு, ஆனா இன்னும் கீழதான் ஆடறாங்க. பசங்க பிச்சு உதறினாங்க, 11 மேட்ச்ல 9 ஜெயிச்சாங்க. சாதாரணமா 9 ஜெயிச்சா கீழ இருக்கற 24 டீம் ப்ளேஆஃப்ல கண்ணை மூடிக்கிட்டு இடம். ஆனா மாடிக்கு வீடு மாத்தற சமயத்துல இருக்கற டீம் ப்ளேஆஃப் ஆடக் கூடாதுன்னு ரூல். சீசன் முடிஞ்சுது, பக்கத்து ஊரு காலேஜ் வில்லனோவாவோட கடைசி மேட்ச், பேக் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. அதுல ஃபைனல் இயர் பசங்க எத்தன பேரு! அவங்களுக்கு கீழயும் இல்ல மேலயும் இல்ல. மாடிப்படில உக்காந்த மாதிரி. அந்த கோச் ரையன் கார்ட்டி 2003ல சாம்பியன் ஆன டீம்ல இருந்த பையன், அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிச்சு யோசிச்சு பாப்பேன். பையன்கிட்ட சொன்னா "அது ஒரு வருஷம்தானேப்பா"ங்கறான். நமக்கு ஒரு வருஷம். இருபத்தோரு வயசுல ஆடறவனுக்கு அந்த ஒரு வருஷம்தாண்டா இருக்கு.

இன்னொண்ணு வில்லனோவா. ஒரு மணி நேரத்துல கார்ல போயிடலாம், திட்டிக்கிட்டே போயி திட்டிக்கிட்டே வரலாம், நம்ம திருவல்லிக்கேணி - மைலாப்பூர் மாதிரி. 2025ல நாம சேந்தப்ப புது கூட்டணில யாரு இருந்தா பாரு: டெக்சஸ் கோடில எல் பாசோ, கிட்டத்தட்ட 2,000 மைல். அதுக்குப் பக்கத்துல ந்யூ மெக்சிகோ ஸ்டேட். எல் பாசோகாரனும் 2026ல வேற கூட்டணிக்கு தாவறதுன்னு முடிவு பண்ணிட்டான், நாம உள்ள நுழையறப்பவே பக்கத்து சீட்டுக்காரன் எறங்கிட்டிருக்கான். அக்டோபர் மாசம் டிவிக்காக செவ்வாய், புதன் ராத்திரில எல்லாம் மேட்ச் வெக்கறானுங்க. அடுத்த நாள் ஸ்கூல் இருக்கற புள்ளைங்கள கூட்டிட்டு எவன் வருவான்?

எல்லாம் சொல்லிட்டு ஒரு உண்மையையும் ஒத்துக்கறேன். 2025 செப்டம்பர் 13, கனெக்டிகட் டீம் நம்ம ஸ்டேடியத்துக்கு வந்துச்சு. அவன் ரொம்ப வருஷமா மாடில இருக்கறவன். பையன் டிக்கெட் வாங்கிட்டான், முட்டில பட்டி கட்டிக்கிட்டு போனேன். ஓவர்டைம் வரைக்கும் போயி 44-41ன்னு ஜெயிச்சாங்கடா! நான் எந்திரிச்சு குதிச்சேன், முட்டி ஞாபகமே இல்ல, முன் சீட்ல இருந்த வெள்ளக்காரப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழறாரு, எழுவதுகள்லேர்ந்து வரேன், இத பாப்பேன்னு நினைக்கலங்கறாரு. அந்த நிமிஷம் யாராவது என்கிட்ட வந்து 50 லட்சம் வேஸ்ட்டுன்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன். அதனாலதான் சொல்றேன், நான் பதில் சொல்ற யோக்யதைல இல்ல. அடுத்த நாள் ரெண்டு மாத்திர போட்டுக்கிட்டு சோஃபால படுத்துக்கிட்டு மறுபடி அந்த 2024 பசங்கள நினைச்சேன்.

மேல போனவங்க எல்லாம் நின்னுட்டாங்கன்னும் இல்ல. ஐடஹோன்னு ஒரு டீம், 20 வருஷத்துக்கு மேல மாடில இருந்துட்டு, கூட்டணிக்காரன் இடம் இல்ல கெளம்புன்னதும் 2018ல கீழ எறங்கி வந்துட்டாங்க. வந்தும் சில வருஷம் நல்லாத்தான் ஆடினாங்க, வெக்கப்படவெல்லாம் இல்ல. ஆனா அவங்களுக்கு எறங்கி வர்றதுக்கு பழைய வீடு அப்படியே இருந்துச்சு. உனக்கு இருக்குமா? பில்டர் மூணு வருஷத்துல போரடிச்சுப் போயிட்டாருன்னா கிளப் பேரு யார்கிட்ட இருக்கும், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.சி.ஏ.ல ஓட்டு யார் பேர்ல இருக்கும்? இத மட்டும் பேப்பர்ல எழுதி வாங்கு, வாய் வார்த்தை வேணாம். கமிட்டில நம்ம வக்கீல் சார் இன்னும் இருக்காருல்ல, அவர்கிட்ட காட்டு.

அப்பறம் நீ எழுதியிருந்தியே, ஐஸ் ஹவுஸ் ஏரியா பசங்க மூணு பேரு, காலைல அஞ்சரைக்கே வந்து மேட் விரிக்கறானுங்கன்னு. பில்டர் வெளிலேர்ந்து ஆள் எறக்கினா மொதல்ல பெஞ்சுல உக்காரப் போறது அவனுங்கதான். அவனுங்கள கேட்டியா? கமிட்டி மீட்டிங்ல அவனுங்களுக்கு சேர் போட மாட்டாங்கன்னு தெரியும். டீக்கடையில கேளு. ஒருவேளை அவனுங்களே "போலாம் சார், பெரிய டீம்ல பெஞ்ச்னாலும் பரவால்ல"ன்னு சொல்லலாம், சொன்னா நான் வாய மூடிக்கறேன்.

ஜனவரி ரெண்டாவது வாரம் வரேன், டிக்கெட் போட்டாச்சு. அதுக்குள்ள கையெழுத்து போட்டாலும் சரி போடாட்டியும் சரி, அந்தப் பழைய ஸ்கோர் புக் பரண்ல இருக்கும், கிளப் ரூம காலி பண்றேன் பேர்வழின்னு பேப்பர்காரனுக்கு போட்டுடாத. அந்த ரன் அவுட் எந்த ஓவர்னு எனக்கு பாக்கணும். ரன்னுக்கு கூப்பிட வேண்டியது நீ இல்ல நான்தான்னு இன்னும் சாதிச்சிட்டிருக்கியே, அத நேர்ல பேசிக்கலாம்.

அம்மாவ விசாரிச்சதா சொல்லு. உன் வீட்டுக்காரிக்கும் சொல்லு, இந்தத் தடவ வத்தக்குழம்பு பொடி ரெண்டு கிலோ வேணும், போன தடவ சூட்கேஸ் வெயிட்னு பாதிய எடுத்து வெச்சுட்டு வந்து ஆறு மாசம் திட்டு வாங்கினேன்.

உன்
லெஃப்ட்டி