நாள் தள்ளிப்போகும் முன்பே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து, நீ மறுபடியும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் மிக்க மகிழ்ச்சி. கருவுறுவதற்கு முன்பான உடல்நலம் பற்றிக் கல்லூரி மாணவர்களிடம் பேச அழைத்திருக்கிறார்கள் என்றும், திருமணம் ஆகாதவர்களிடம் இதைப் பேசுவது பொருந்துமா என்றும் கேட்டிருந்தாய். பொருந்தும் என்பது மட்டுமல்ல, அதுதான் சரியான வயது என்பேன்.

குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அப்போது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரிந்திருக்காது. மகப்பேற்றுப் பிரிவில் செவிலியராக இருந்த ஆண்டுகளில், பத்தாவது வாரத்தில் முதன்முறையாக வந்த பெண்களிடம், அந்தக் குழாய் சரியாக மூட உதவும் வைட்டமினான ஃபோலிக் அமில மாத்திரையைக் கொடுத்தபோதெல்லாம், அது மூடும் காலம் கடந்து ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று என் மனம் வலிக்கும். நரம்புக்குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தையை முன்பு சுமந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், கருவுறும் முன்பே இந்த மாத்திரையைத் தொடங்கியவர்களுக்கு அக்குறை மீண்டும் ஏற்படுவது 72 சதவீதம் குறைந்தது. பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குத் தொடர வேண்டும். கூடுதல் அளவு யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மருந்துகளைப் பற்றி மட்டும் மிகக் கவனமாகப் பேசு. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டும், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயினும் கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியவை. ஆனால் இதைக் கேட்டு அஞ்சி, வலிப்பு மாத்திரையை ஒருத்தி தானாகவே நிறுத்திவிட்டால் அவள் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அழுத்திச் சொல். சர்க்கரை நோய் உள்ளவர்களும் அப்படியே, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கருத்தரிக்கத் திட்டமிட வேண்டும். ஏனெனில் குழந்தையின் இதயம் உருவாவதும் அந்த முதல் வாரங்களில்தான். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் ருபெல்லா அம்மைக்கான தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போட முடியாது என்பதால் அதையும் முன்பே போட்டுக்கொண்டு, ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசாதே. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. புகையும் மதுவும் அதைக் கெடுக்கின்றன. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயின் மரபணுவைப் பெற்றோர் இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படியிருக்கப் பெண்ணுக்கு மட்டும் பாடம் எடுத்தால், குறை நேர்ந்தால் பழியும் அவள் தலையிலேயே விழும்.

கருவை இழந்த ஒருத்தியின் தங்கையோ தோழியோ உன் முன்னால் அமர்ந்திருக்கக்கூடும். எல்லா முன்னேற்பாடும் செய்தவர்களுக்கும் இழப்பு நேர்வதுண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடு. மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை எனக்கு விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி