ரங்கூன் ராத்திரி: மாலைக்குக் கழுத்தை நீட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ரங்கூன் இரவு வாழ்க்கை பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. மொட்டை மாடி பார், கையில் காக்டெயில், தூரத்தில் தங்கமாக ஜொலிக்கும் ஸ்வேடகோன் பகோடா. படம் நன்றாகத்தான் இருந்தது. எழுதியவர் இந்த ஊரில் முட்டியை மடக்கி உட்கார்ந்ததே இல்லை என்பது மட்டும் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் ராத்திரி தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலில் நடக்கிற சமாசாரம். அந்த உயரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு அருகதை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் பேயின்னாங் மார்க்கெட்டில் உளுந்துத் தரகன். உங்கள் வீட்டு இட்லியில் எங்கள் ஊர் உளுந்து இல்லை என்று நீங்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண முடியாது. இங்கே அதற்கு மப்பே என்று பெயர். எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்று இரண்டு தரம். எஸ்.க்யூ. பருமனாக இருக்கும், விலை கூட. மற்றது நடுத்தரம். சரக்குப் பார்க்க விருதுநகரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்களையும் நான் மனசுக்குள் இப்படித்தான் பிரித்து வைப்பேன். பகலில் ஆளைத் தரம் பிரிக்க முடியாது. எல்லோரும் வெள்ளைச் சட்டை, எல்லோரும் கறார். ராத்திரி ஏழு மணிக்கு பியர் கடையில் உட்கார வைத்தால் தெரிந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு வசதி. உளுந்து வருகிற மாசி, பங்குனியில்தான் எங்கள் பேட்டைக் கோயிலில் தீமிதியும் வரும். நான் காப்புக் கட்டியிருப்பேன். ஆக, விருந்தாளிகள் கிளாஸ் கிளாஸாக இறக்க, நான் எலுமிச்சை ஜூஸை உறிஞ்சிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே எழுதுவதெல்லாம் தெளிந்த கண்ணால் பார்த்தது.

முதலில் பையனைக் கூப்பிடுகிற விஷயம். பர்மாக்காரர்கள் உதட்டைக் குவித்து, குழந்தைக்கு முத்தம் கொடுப்பது போல இரண்டு மூன்று தரம் சத்தம் எழுப்புவார்கள். கடைப்பையன் ஓடி வருவான். மதுரை அப்பள வியாபாரி ஒருவருக்கு இது தெரியாது. முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது, திரும்பினார், மீசை வைத்த ஒரு ஆள் இவர் பக்கம் பார்த்து உதட்டைக் குவித்துக்கொண்டிருக்கிறார். "நம்மள என்னான்னு நினைச்சான் அவன்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். உட்கார வைக்க எனக்கு ஒரு தட்டு வறுவல் செலவு. நீங்கள் அந்தச் சத்தத்தைப் பழக வேண்டாம், நம் வாய்க்கு அது சரியாக வராது. "ஞீலே" என்றால் போதும், தம்பி என்று அர்த்தம். "டேய்" மட்டும் வேண்டாம். எங்கள் தெருக்களில் பர்மியப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர்கள். டேய் என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்து வேகம். உங்கள் ஊரில் கடை பத்து மணிக்கு மூடிவிடும், அதனால் ஒன்பதரைக்கு எல்லோருக்கும் ஒரு பரபரப்பு வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பரபரப்பை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். இங்கே பீப்பாய் பியர் ஒரு கிளாஸ் வந்தால் அதை வைத்து ஒரு கல்யாணம், ஒரு கோர்ட்டு வழக்கு, ஒரு பந்தாட்டத்தின் முதல் பாதி, மூன்றையும் பேசி முடிப்பார்கள். பந்தாட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கடிகாரம் உங்களுடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை 3 மணிக்கு ஆரம்பிக்கிற ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே 9.30க்கு வரும். அந்த நேரத்தில் டிவிக்கும் மேசைக்கும் நடுவில் நின்று போனில் பேசுகிறவர் எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் எஃப்.ஏ.க்யூ.கூட இல்லை, கழிவு.

இப்போதெல்லாம் ராத்திரியே சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021இல் ஊரடங்கு இரவு 8 மணிக்கே ஆரம்பித்த நாள்கள் உண்டு. பியரில் எந்த மார்க் குடிப்பது, எதைத் தொடக்கூடாது என்பதில் அந்த வருஷத்திலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு கொள்கை இருக்கிறது. ஆகவே மேசையில் உள்ளவர் எதைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள், காரணம் கேட்காதீர்கள். கரண்ட் போகும், ஜெனரேட்டர் உறுமும், பேச்சு ஒரு கட்டை ஏறும். அவ்வளவுதான்.

சைவக்காரர்கள் பத்தொன்பதாம் தெருவுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். சைனா டவுனில், பழைய டல்ஹவுசி தெருவுக்கும் ஃபிரேசர் தெருவுக்கும் நடுவில் இருக்கிற துண்டு அது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மகாபண்டூலா, அனோரதா என்று சொல்லப் பழகவில்லை, நானும் பாதிதான் பழகியிருக்கிறேன். கடை வாசலில் குச்சியில் குத்தி அடுக்கியிருப்பார்கள்: பன்றி, கோழி, காடை முட்டை, மீன், வெண்டைக்காய், காளான், உருளைக்கிழங்கு, டோஃபு. ஒரு பிளாஸ்டிக் கூடையில் நீங்களே பொறுக்கிப் போட்டுக் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். ஒரு செட்டிநாட்டுப் பிள்ளை, சுத்த சைவம், வெண்டைக்காயும் காளானுமாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம்தான் தப்பு, அடுப்புக்கு நேர் எதிர். சுடுகிற ஆள் ஒரே பிரஷை எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கிப் பன்றி மேல் ஒரு இழுப்பு, அதே கையோடு வெண்டைக்காய் மேல் ஒரு இழுப்பு இழுத்ததைப் பார்த்துவிட்டார். அன்று அவர் சாப்பிட்டது வறுத்த கடலை மட்டும். "தெட்தட்லு" என்று ஒரு வார்த்தை இருக்கிறது, உயிர்க்கொலை இல்லாதது என்று பொருள். அதை முன்கூட்டியே சொல்லித் தனியாகச் சுடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுப்புக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

சிலர் கள் கேட்பார்கள். உங்கள் தமிழ்நாட்டில் 1987இலிருந்து கிடையாது, ஏக்கம் புரிகிறது. அது பகான் பக்கம் பனங்காட்டில் இறக்கின மரத்தடியிலேயே குடிக்க வேண்டியது. ரங்கூன் வந்து சேருவதற்குள் புளித்து உயிர் போய்விடும். அதற்குப் பதில் மண்டலே பியர் கேளுங்கள், கதையாவது கிடைக்கும். 1885 நவம்பரில் வெள்ளைக்காரன் மண்டலேயில் பர்மாவின் கடைசி ராஜா திபாவைப் பிடித்து சென்னை வழியாக ரத்னகிரிக்கு அனுப்பினான். 1886இல் அதே ஊரில் பியர் ஆலை வந்துவிட்டது. அவசரம் யாருக்கு இருந்தது பாருங்கள்.

லுங்கி பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே வந்ததும் எல்லோரும் ஆசையாக ஒரு லுங்கி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நல்லது. நம் பழக்கத்தில் முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிவிடாதீர்கள். தூக்கிக் கட்டினால் சின்லோன் என்கிற பிரம்புப் பந்து ஆடப் போகிறார், அல்லது யாரையோ அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். மூன்று கிளாஸுக்கு மேல் எழுந்திருக்கும்போது முதலில் முடிச்சைப் பிடியுங்கள், பிறகு மேசையைப் பிடியுங்கள். இந்த வரிசை மாறி நான் பார்த்திருக்கிறேன். பணம் கொடுக்கும்போது வலது கையால் கொடுத்து, இடது கை விரலால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளுங்கள், இங்கே அதுதான் மரியாதை. முடிச்சையும் அதே இடது கையால் பிடிக்க வேண்டியிருந்தால் உட்கார்ந்தபடியே கொடுத்துவிடுங்கள்.

இனி மாலைக் கதை. சொல்லாமல் விட்டது என் தப்பு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கே சில கடைகளில் மேடை போட்டுப் பெண்கள் வரிசையாக வந்து பாடுவார்கள். ஜிகினா மாலைகளைத் தட்டில் வைத்துப் பையன்கள் மேசை மேசையாக வருவார்கள். யார் பாட்டு பிடித்ததோ அவரைக் காட்டினால், நம் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு மாலை விழும். அது அவர்களுடைய வருமானம்.

விருதுநகர் அண்ணாச்சிக்கு இது தெரியாது. ஐம்பத்தெட்டு வயது, ஊரில் எந்த விழா என்றாலும் முதல் மாலை அவருக்குத்தான். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பிலேயே இருந்தார். பையன் சிவப்பு ஜிகினா மாலைத் தட்டை அவர் முன்னால் நீட்டியதும் அண்ணாச்சி எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கையைக் கும்பிட்டுக் கழுத்தை முன்னால் நீட்டி நின்றார்.

பையன் என்னைப் பார்த்தான். என் வாயில் எலுமிச்சை ஜூஸ், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நல்ல வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது, கழுத்தை நீட்டியவரை ஏமாற்றக்கூடாது என்று மாலையைப் போட்டேவிட்டான். கடை முழுக்கக் கைதட்டல். பக்கத்து மேசை அரிசி மில்காரர்கள் தங்கள் கணக்கில் இன்னும் இரண்டு அனுப்பினார்கள். மாலை விழுந்தவர் பாட வேண்டாமா? மைக் வந்தது. அண்ணாச்சி பாடினார். என்ன பாட்டு என்று நான் எழுத மாட்டேன், ஊரில் அவருக்கு மரியாதை இருக்கிறது.

திரும்பி வரும்போது பேட்டைக்குள் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம். மிதிக்கிறவன் பக்கத்தில் இரண்டு இருக்கை, ஒன்று முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால் பார்க்கும். முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். அண்ணாச்சி பின்பக்கம், மூன்று மாலையோடு. தெரு நாய்கள் ஊர்வலம் போலக் கூடவே வந்தன. "தம்பி, டன்னுக்கு அஞ்சு டாலர் குறைச்சுக்கயேன்" என்று அவர் நாய்களைப் பார்த்துச் சொன்னார். முகம் பார்த்துப் பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தட்டியிருப்பேன். அந்த முதுகு சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தது, சரி என்றுவிட்டேன்.

காலையில் அவர் ராத்திரி நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்றார், அஞ்சு டாலர் மட்டும் ஞாபகம் இருந்தது. எனக்கும் ஞாபகமில்லை என்று சொல்ல வழியில்லை. நான் எலுமிச்சை ஜூஸ் குடித்தவன்.

இப்படிக்கு,
உளுந்துத் தரகன் ஒருவன்,
பேயின்னாங், ரங்கூன்.

(பெயர் போட வேண்டாம். கோயில் கமிட்டியில் இருக்கிறேன்.)