கல்லமேட்டில் பொடிந்த எலும்பு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெர்லின் அருங்காட்சியகத்தில் ஜிராஃபாடைட்டன் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டின் கீழே நின்று நீ எடுத்த படம் வந்தது. 13 மீட்டருக்கு மேல் உயரம்! அது ஜெர்மன் மண்ணில் கிடைத்ததில்லை அம்மா. இன்றைய தான்சானியாவில் தெண்டகுரு என்ற இடத்தில் 1909 முதல் 1913 வரை தோண்டிக் கப்பலேற்றியது. தோண்டியதும் சுமந்ததும் அந்த நாட்டு மக்கள்தான்.

எனக்கோ நம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டு நினைப்பு வந்துவிட்டது. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்துத்தான் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் பிருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுக்கு முந்தையது. கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று குறித்திருக்கிறார்கள். முதலில் அதை இறைச்சி தின்னும் வகை என்று நினைத்தார்கள். நீண்ட கழுத்துள்ள தழை தின்னி என்பது பிற்பாடு வந்த முடிவு. அந்த அளவு சரி என்றால், தரையில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று நம் மாவட்டத்தில் நடந்திருக்கிறது.

ஆனால் இன்று போய்ப் பார்க்க ஒரு துண்டு எலும்புகூட இல்லை. தொட்டால் உதிரும் எலும்பு, மழையில் ஊறி உப்பும் களிமண். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் பொடிந்துபோனது. மிஞ்சியவை கோட்டுப் படங்களும் அளவுக் குறிப்புகளும்தான். அதனால் அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக, கல்மரமாக இருக்கலாம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே. தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-இல்தான் வெளிவந்தன. எலும்புதான் என்ற வாதத்துக்கு அப்போது பலம் கிடைத்தது. எலும்பு போன பிறகும் அதற்காகப் பேச நாலு படம் இருந்தது பார், அதை நினைத்தால் மனசு நெகிழ்கிறது.

அதனால்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளி நாட்களில் நீ காரை ஊர்ப் பக்கம் பொறுக்கிய கல்லுயிர்கள், சுருள் ஓடு மாதிரி இருக்கும் அம்மோனைட்டுகளும், தோட்டா மாதிரி இருக்கும் பெலம்னைட்டுகளும் உன் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. காரை கடலுக்கடியில் கிடந்த காலத்து உயிர்கள் அவை. எந்த ஓடையில், எந்த மேட்டில் எடுத்தது என்று தெரியாவிட்டால் ஆய்வு செய்கிறவர்களுக்கு அவை வெறும் கல். எந்தப் பாறை அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் வயதையே சொல்லுகிறார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வேறு வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகின்றன. நீ எடுத்த இடம் இன்னும் இருக்குமோ என்னவோ.

ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண் போட்டு அனுப்புகிறேன். நினைவில் இருக்கிற வரைக்கும் இடத்தை எழுது. நிச்சயமில்லை என்றால் அப்படியே எழுது, ஊகமாக நிரப்பாதே. உன் பதில் வந்ததும் எல்லாவற்றையும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கலாம் என்று இருக்கிறேன். உனக்குச் சம்மதம்தானே?

அன்புடன்,
அப்பா