மிலானில் பார்த்த காஜா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி அப்பாவும் நானும் இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். போனில் நீ கேட்டபோதெல்லாம் "நல்லா இருந்தது, நல்லா இருந்தது" என்றுதான் சொல்ல வந்ததே தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. ஐந்து நாளில் எதைப் பார்த்தேன், எதைத் தொட்டேன், எதற்குக் காசு கொடுத்தேன் என்று சாவகாசமாக உட்கார்ந்து எழுதினால்தான் மனசு ஆறும். டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நீ. கார்டைக் கையில் திணித்து "விலை பார்க்காம வாங்கும்மா" என்று சொன்னவளும் நீ. கணக்கை உன்னிடம்தானே சொல்ல வேண்டும்?

முதலில் காஜா கதை. கல்யாணத்துக்கு முன்னால் நான் நாலு வருஷம் ஒரு தையல் கடைக்குப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சட்டை சட்டையாக மடியில் போட்டுக்கொண்டு எடுத்த காஜா எத்தனை என்று எண்ணி முடியாது. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் போவது பட்டன் பட்டிக்குத்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வியா டெல்லா ஸ்பீகா என்ற தெருவில் நடந்தோம். அங்கே வண்டி வராது. கல் பாவிய குறுகலான தெரு, இரண்டு பக்கமும் கடைகள். ஒரு சின்ன ஆண்கள் துணிக்கடை ஜன்னலில் நீலக் கோட் ஒன்று பொம்மைக்குப் போட்டிருந்தது. அதன் காலர் மடிப்பில் ஒரே ஒரு காஜா. பட்டன் கிடையாது, பூ செருகிக்கொள்ள விட்ட துளை. அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா பத்தடி முன்னால் போய், நான் வராததைக் கவனித்துத் திரும்பி வந்தார்.

நம் கையால் எடுக்கும் காஜாவில் விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டி முடிச்சு வரும். இதில் முடிச்சே தெரியவில்லை. வெட்டின விளிம்பைச் சுற்றி ஒரு தடித்த நூலைப் படுக்க வைத்து, அதன்மேல் பட்டு நூலை நெருக்க நெருக்கச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். துணியிலிருந்து கொஞ்சம் தூக்கலாக, மழை பெய்த மறுநாள் புல் மினுங்குமே, அப்படி ஒரு மினுக்கு. இதற்கு உலகம் முழுக்கத் தையல்காரர்கள் சொல்லும் பெயரே மிலான் காஜா என்பதுதானாம். அந்த ஊர்க்காரர்கள் அசோலா லூச்சிடா என்கிறார்கள். மினுங்கும் காஜா என்று அர்த்தம்.

உள்ளே போய் "புவோன்ஜோர்னோ" என்றேன். நீ சொல்லிக் கொடுத்தது சரிதான் பாப்பா. அங்கே கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பிறகுதான் மற்றது. அதைச் சொல்லிவிட்டால் முகமே மலர்ந்துவிடுகிறது. கேட்காமல் எடுத்துப் புரட்டினால்தான் பிடிப்பதில்லை. வாங்க வரவில்லை, பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஊசி பிடிப்பதுபோல் விரலை வைத்து என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். ஒரு நிமிஷம் என் கையையே பார்த்தார். பிறகு பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றி, மேஜையில் போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காட்டினார். லைனிங்கைத் தையல் மெஷினில் அடிக்காமல் கையால் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு தையலும் அரிசி அளவு. அக்குள் இடுக்கில் நூல் சற்றுத் தளர்வாக விட்டிருந்தது, கையைத் தூக்கினால் இழுக்காமல் இருக்க. அந்தத் தளர்வு எவ்வளவு என்று தெரிந்தவர் மட்டும்தான் அப்படி விட முடியும். விலைச் சீட்டில் இருந்த தொகையை இங்கே எழுதவில்லை, உனக்கு மயக்கம் வரும். ஆனால் அதில் எத்தனை மணி நேரத்துக் கை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அநியாய விலை என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அந்தக் கடையில் ஒன்றும் வாங்கவில்லை. ஆனாலும் இந்தப் பயணத்தில் எனக்கு நடந்த பெரிய ஷாப்பிங் அதுதான்.

பக்கத்துத் தெருதான் மொன்டேநாபோலியோனே. 2024இல் எடுத்த கணக்குப்படி கடை வாடகை உலகத்திலேயே அதிகம் உள்ள தெரு, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவையே தாண்டிவிட்டது என்று நீ சொன்னாயே, அதே தெரு. விளக்குப் போட்ட பிறகு போக வேண்டும். ஒவ்வொரு ஜன்னலும் ஒரு கொலு. ஒரே ஒரு செருப்புக்கு அத்தனை பெரிய ஜன்னல், அத்தனை வெளிச்சம். நான் ஜன்னலைப் பார்த்தேன், அப்பா நடந்து போகிறவர்களைப் பார்த்தார். எழுபது வயசுப் பெண்மணிகள், தலை முழுக்க நரை, அளவெடுத்துத் தைத்த கோட், கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு, அவ்வளவுதான். பளிச்சென்ற நிறம் அதிகம் இல்லை. சாம்பல், ஒட்டக நிறம், கருநீலம். தோளும் கையும் சரியாகப் பொருந்தியிருப்பதுதான் அவர்கள் அலங்காரம். ஆங்கிலத்தில் தொப்பி தைக்கிறவரை மில்லினர் என்கிறார்களே, அந்தச் சொல்லே மிலானிலிருந்து வந்ததுதான். 16ஆம் நூற்றாண்டிலேயே மிலான் ரிப்பனும் கையுறையும் தொப்பியும் விற்ற வியாபாரிகளுக்கு இங்கிலாந்தில் அந்தப் பெயர்.

துவோமோ என்ற மாதா கோயில் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள், நான் கூரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1386இல் கட்டத் தொடங்கி, கடைசிக் கதவை 1965இல்தான் மாட்டினார்களாம். முட்டி வலிக்குப் பயந்து லிஃப்டில் ஏறினோம். மேலே 135 கோபுர முனைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலை. எல்லாவற்றுக்கும் மேலே தங்க நிறத்தில் மாதா, மடோன்னினா என்கிறார்கள், 1774இல் வைத்தது. கீழேயிருந்து யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு சிலையின் முதுகுப்பக்கத்தில்கூட அங்கியின் மடிப்பைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன். லேசாக ரோஜா நிறம் ஓடும் பளிங்கு, வெயிலில் சூடாக இருந்தது. கண்டோலியா மலையில் வெட்டி, ஏரியிலும் ஆற்றிலும் கால்வாயிலும் படகில் ஊருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள், கோயில் கல்லுக்குச் சுங்கம் கிடையாது என்று அப்பா படித்துச் சொன்னார். அவருக்குப் பிடித்தது அந்தப் படகுக் கதையும், 1928 மாடல் டிராமும்தான். மரப் பெஞ்சு போட்ட அந்த மஞ்சள் டிராமில் இறங்க மனசில்லாமல் இரண்டு முறை கடைசி ஸ்டாப் வரை போனார். 2.20 யூரோ டிக்கெட், 90 நிமிஷத்துக்கு செல்லும்.

கோயிலை ஒட்டியே கலேரியா. மேலே கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதி, 1867இல் திறந்தது. கட்டின மெங்கோனி என்ற பொறியாளர் வேலை முழுசாக முடியும் தறுவாயில், 1877 டிசம்பரில், சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அதைக் கேட்டபிறகு அண்ணாந்து பார்க்கவே எனக்கு ஒருமாதிரி இருந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அங்கே பெயர்ப்பலகை கறுப்பில் தங்க எழுத்துதான். அதனால் கண் அலையாமல் கட்டடத்தைப் பார்க்க முடிகிறது. நம் ஊர்க் கடைவீதிக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன்.

நீ மாசக்கணக்கில் முன்னாலேயே பதிவு பண்ணின, லியோனார்டோ டா வின்சியின் கடைசி விருந்து ஓவியத்துக்கு நாலாம் நாள் போனோம். சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் சாப்பாட்டுக் கூடம். கொஞ்சம் பேராக உள்ளே விட்டு, 15 நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். லியோனார்டோ அதை ஈரச் சுண்ணத்தில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால் அவர் காலத்திலேயே உதிர ஆரம்பித்துவிட்டதாம். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூடத்தின் கூரையே போனபோது மணல் மூட்டை அடுக்கியிருந்த இந்தச் சுவர் இடியாமல் நின்றது. எல்லாரும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு மேஜை விரிப்புக்கு வந்துவிட்டேன். பாப்பா, அந்த வெள்ளை விரிப்பில் மடித்து வைத்த தடம் இருக்கிறது! பெட்டியிலிருந்து எடுத்து அப்போதுதான் விரித்த துணி மாதிரி, கட்டம் கட்டமாக மடிப்புக் கோடு. ஓரத்தில் நீல நூலில் நெய்த பட்டை. 500 வருஷத்துக்கு முன்னால் அந்தத் துணியைத் துவைத்து மடித்து வைத்த ஒரு பெண்ணை அவர் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் 15 நிமிஷம் முடிந்தது.

பிரேரா ஓவியக் கூடத்திலும் அப்படித்தான். ஹாயெஸ் என்ற ஓவியர் 1859இல் வரைந்த முத்தம் என்ற படம். எல்லாரும் ஜோடியைப் பார்க்கிறார்கள். நான் அந்தப் பெண் உடுத்தியிருக்கும் வெளிர்நீல சாட்டினைப் பார்த்தேன். மடிப்பு மேட்டில் வெள்ளையாகவும் பள்ளத்தில் கரும்நீலமாகவும் ஒளி உடைந்து உடைந்து இறங்குகிறது. தறியிலிருந்து இறக்கின பட்டைக் கையில் தூக்கிப் பிடித்தால் எப்படி விழுமோ, அப்படியே. லா ஸ்காலா இசை அரங்கம், கோட்டை எல்லாம் பார்த்தோம், போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

இனி வாங்கின கதை. சனிக்கிழமை காலை பாப்பினியானோ சந்தை. செவ்வாயும் சனியும் நடக்கும் தெருச் சந்தை, கட்பீஸ் துணி அங்கே கிடைக்கும். பட்டு என்று சொல்லி ஒரு கடையில் ஸ்கார்ஃப் காட்டினார்கள். கசக்கிப் பிடித்தேன், விட்டதும் மடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு நிமிர்ந்தது. ஓரத்துச் சீட்டைப் பார்த்தால் பாலியெஸ்டர். அங்கே எந்தத் துணியிலும் என்ன நூல் என்று சீட்டு இருக்க வேண்டும். சேதா என்றால் பட்டு, லானா என்றால் கம்பளி, கொத்தோனே என்றால் பருத்தி. இந்த மூன்று வார்த்தை தெரிந்தால் போதும், யாரும் ஏமாற்ற முடியாது. வேறு கடையில் நிஜப் பட்டு ஒன்றரை மீட்டர், கருஞ்சிவப்பு, 24 யூரோவுக்கு எடுத்தேன். உனக்கு ஒரு மேல்சட்டை வரும்.

கையுறை எனக்கு 65 யூரோ. அப்பாவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் 120. ஒரே கடையில் 70 யூரோவைத் தாண்டி வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருக்கிறவர்களுக்கு வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். கடையிலேயே பாஸ்போர்ட் காட்டிப் படிவம் வாங்கிக்கொண்டோம். சாமானைப் பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன்னால் விமான நிலையச் சுங்கத்தில் காட்ட வேண்டும் என்று எழுதி வைத்தாயே, அது இல்லாவிட்டால் விட்டிருப்போம். உன் தோழிக்கும் சொல். அவள் போவதாக இருந்தால் ஜனவரி முதல் வாரமோ ஜூலைத் தொடக்கமோ போகச் சொல். அப்போதுதான் ஊர் முழுக்கத் தள்ளுபடி, பழைய விலையும் குறைத்த சதவீதமும் சீட்டில் எழுதியே ஆக வேண்டும்.

கடைசி நாள் ஞாயிறு. மாசத்தின் கடைசி ஞாயிறு என்பதால் நவீலியோ கிராந்தே கால்வாய்க் கரை முழுக்கப் பழம்பொருள் கடை. அந்தக் கரையில் வண்ணாரச் சந்து ஒன்று இருக்கிறது, மரக்கூரைக்குக் கீழே துவைகல் வரிசையாக அப்படியே கிடக்கிறது. நடுவில் தேய்ந்து குழிந்த கல். என் பாட்டி துவைத்த கல்லைப் போலவே சாய்ந்திருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

பட்டன் வாங்கினது அதற்கு முந்தின நாள். மெர்ச்செரியா என்று எழுதியிருந்தது. நூல், ரிப்பன், பட்டன் மட்டும் விற்கும் கடை. தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பட்டன் ஒன்று தைத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் நீ வாங்கின சாம்பல் கோட்டை நினைத்துக்கொண்டேன். வீடியோ காலில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், மேலிருந்து மூன்றாவது பட்டன் வேறு நிறம். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொரோசோ பட்டன் ஆறு எடுத்தேன். தென் அமெரிக்கப் பனை ஒன்றின் கொட்டையைக் கடைந்து செய்வது, தந்தம் மாதிரி இருக்கிறது, உற்றுப் பார்த்தால் உள்ளே மரத்தின் ரேகை ஓடுகிறது. ஒன்று 3 யூரோ. ஐந்து கோட்டுக்கு, ஒன்று உள்மடிப்பில் தைத்து வைக்க.

25 மில்லிமீட்டர் பட்டன் இது. உன் கோட்டின் காஜாவை ஸ்கேலில் அளந்து சொல், பட்டனைவிட மூன்று மில்லிமீட்டராவது கூட இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் நீ ஒன்றும் வெட்டாதே, கடையிலும் கொடுக்காதே. வரும்போது கோட்டை எடுத்துக்கொண்டு வா. மினுங்கும் நூலும் ஒரு கண்டு வாங்கி வைத்திருக்கிறேன், சாம்பல் நிறத்தில்.

அப்பா விசாரித்ததாக எழுதச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா