கொள்ளுப்பிட்டியில் 177க்கு நிற்பவளிடமிருந்து அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் மற்றும் நகர அபிவிருத்தி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். வேலை பத்தரமுல்லையில், ஒரு கணக்கு அலுவலகத்தில். காலையில் ரயிலில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டே கொள்ளுப்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து 177ஆம் இலக்க பஸ் பிடித்து ராஜகிரிய வழியாகப் போகிறேன். ரயில் பயணம் பத்து நிமிடம்தான். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் அதைவிடச் சந்தோஷமான பத்து நிமிடம் என் நாளில் கிடையாது. மிச்சக் கதைதான் இந்த மடல்.

கொள்ளுப்பிட்டியில் பஸ் நிற்கிறது. ஏறி உட்காருகிறேன். பஸ் புறப்படவில்லை. "கடுவல, கடுவல" என்று போகும் ஊரின் பெயரைக் கத்தி ஆள் சேர்க்கிறார் நடத்துனர். சீட் நிரம்பியும் கிளம்பவில்லை. நிற்பவர்கள் நிரம்பினால்தான் இயந்திரம் உறுமும். அப்புறம் ஆடி அசைந்து ஊர்கிறது. பின்னால் இன்னொரு 177 தெரிந்துவிட்டால் போதும், அதே பஸ் பேய் பிடித்ததுபோல் பறக்கும். பஸ் ஹோல்ட்டில் கை காட்டுகிறவர்களைக்கூட விட்டுவிட்டு, அடுத்த ஹோல்ட்டில் கூட்டம் அதிகம் என்ற கணக்கில் ஓடும். "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னால் போங்கள், என்ற சிங்களச் சத்தத்துக்கு இடையில், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கைப்பையையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். பையின் வாரில் ஒரு ஊக்கு எப்போதும் குத்தியிருக்கும். ஏன் என்று இந்த நகரத்தில் பஸ்ஸில் போகும் எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள்.

போன வருடம் அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முதல் படியே முழங்கால் உயரத்தில் இருந்தது. நம்முடைய பஸ்களில் பெரும்பாலானவை லொறிக்கான அடிச்சட்டத்தில் கட்டப்பட்டவை என்பதால் அப்படி. ஏறியாகிவிட்டது. இறங்கும்போது வண்டி முழுதாக நிற்கவில்லை. அம்மா விழவில்லை, கீழே நின்ற ஒரு பையன் பிடித்துக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறுவதில்லை. ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசை நான் மாதக் கணக்கில் தனியாக எழுதி வைக்கிறேன், தொழில் பழக்கம்.

அந்தச் சாரதியைத் திட்டித் தீர்த்திருக்கலாம். அன்று திட்டினேன்தான். பிறகு யோசித்தபோது வேறொன்று உறைத்தது. தனியார் பஸ்களில் பெரும்பாலான சாரதிகளுக்கும் நடத்துனர்களுக்கும் நிலையான மாதச் சம்பளம் இல்லை. அன்றைய வசூல்தான் அவர்களுடைய சம்பளம். உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, டீசலுக்குக் கட்டி, மிஞ்சுவதைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். என் அம்மா மெதுவாக இறங்கும் அரை நிமிடத்தில் அடுத்த ஹோல்ட்டின் ஆட்களைப் பின்னால் வரும் பஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். அம்மாவை அவசரப்படுத்தியது அந்தச் சாரதியின் குணம் மட்டுமல்ல, நாங்கள் சாரதிக்குப் பணம் கொடுக்கும் முறையும்தான். நான் கணக்கு பார்க்கிறவள். யாருக்கு எதற்காகக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்றும் தலைக்குக் காசு கொடுக்கிறோம், ஆகவே தலைகளுக்காக ஓட்டுகிறார்கள். நேரத்துக்கு ஓடுவதற்கு யாரும் ஒரு சதம்கூடக் கொடுப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலகின் பல நகரங்களில் பஸ் ஓட்டுவதற்காக அரசு பணம் கொடுக்கிறது. இங்கே பஸ் ஓட்டுவதற்கான அனுமதிப் பத்திரத்துக்காக ஓட்டுகிறவர் அரசுக்குப் பணம் கட்டுகிறார்.

நம் தலைவர்கள் சிங்கப்பூரைச் சொல்லாத மேடை கிடையாது. அங்கே 2016 இல் பஸ் சேவையை ஒப்பந்த முறைக்கு மாற்றினார்கள். பஸ்களும் தரிப்பிடங்களும் அரசுடையவை. டிக்கெட் காசு அரசுக்குப் போகும். நிறுவனங்கள் போட்டி போட்டு விலை சொல்லி, குறித்த வழித்தடத்தைக் குறித்த நேரத்தில் ஓட்டுவதற்குக் கட்டணம் பெறுகின்றன. பஸ் காலியாக ஓடினாலும் சாரதிக்குச் சம்பளம் உண்டு, அதனால் பின்னால் வருகிறவனை முந்த வேண்டிய தேவையே இல்லை. துறைமுக நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்களைச் சிங்கப்பூரிடம் பார்த்துப் படம் வரைகிறோமே, அந்த பஸ் ஒப்பந்தத்தின் நான்கு பக்கத்தையாவது கொஞ்சம் பார்த்து எழுதலாமே.

சரி, அதை யார் செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். நான் ஏறும் 177 மாகாணத்துக்குள்ளேயே ஓடுவது. மாகாண சபைகளுக்கு அதிகாரம் கொடுத்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு அது மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையின் பொறுப்பு. மாகாண எல்லையைத் தாண்டும் பஸ் என்றால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு இ.போ.ச. பஸ் என்றால் அதற்கு வேறு சபை, அரசின் இலங்கை போக்குவரத்துச் சபை. ரயில் ஒரு திணைக்களம். வீதி ஒரு இடத்தில் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, இன்னொரு இடத்தில் மாகாணத்துக்கு, சந்துக்குள் திரும்பினால் மாநகர சபைக்கு. ஹோல்ட்டுக்கு முன்னால் கார் நிறுத்தியிருந்தால் பொலிஸ். புறக்கோட்டையில் போய்ப் பாருங்கள்: மத்திய பஸ் நிலையம் ஒன்று, பெஸ்டியன் மாவத்தையில் ஒன்று, குணசிங்கபுரவில் ஒன்று, கொஞ்சம் தள்ளிக் கோட்டை ரயில் நிலையம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் இவற்றுக்கு நடுவே மனிதர்கள் பெட்டி படுக்கையோடு, வாகனங்களுக்குள் புகுந்து புகுந்து ஓடுகிறார்கள்.

மாகாணத்தைக் கேட்கலாம் என்றால் அங்கேயும் ஆள் இல்லை. மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநரின் நிர்வாகம்தான். 2012 கணக்கெடுப்பிலேயே 58 இலட்சம் பேர் வாழ்ந்த மாகாணத்தில், என் பஸ்ஸுக்காகக் கேள்வி கேட்க நான் வாக்களித்த ஒருவர்கூட இல்லை. ஆகவேதான் உங்களுக்கு எழுதுகிறேன். போக்குவரத்தும் நெடுஞ்சாலையும் நகர அபிவிருத்தியும் ஒரே அமைச்சின் கீழ் வருவது எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும் வாய்ப்பு அல்ல.

மாலபேயிலிருந்து கோட்டை வரை வரவிருந்த இலகு ரயிலைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அது என் வீதி. 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை வழியாக வந்திருக்கும். 2019 மார்ச்சில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 வீதம். 2020 செப்டெம்பரில் செலவு அதிகம், பொருத்தமில்லை என்று அப்போதைய ஜனாதிபதி நிறுத்தச் சொன்னார். நிறுத்தியாயிற்று. எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை, அவ்வளவு பெரிய வேலை ஒரே ஒரு கடிதத்தில் நின்றுபோகக்கூடியதாக இருந்தது என்பது. அதைத் தன்னுடையது என்று சொல்லிக் குறுக்கே நிற்க ஒரு நிறுவனம் இல்லை, அதற்கென்று ஒதுக்கிய நிரந்தரப் பணமும் இல்லை.

இது புதிய வியாதியும் அல்ல. 1899 இல் கொழும்பில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொரளைக்கும் தண்டவாளம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த என் தாத்தா, டிராமில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன கதையை அலுக்காமல் சொல்வார். 1960 இல் அது நின்றது. 1953 இல் கொண்டுவந்த டிரொலி பஸ்ஸும் 1964 உடன் முடிந்தது. கட்டுகிறோம், பிறகு பராமரிக்கக் காசில்லை என்று கழற்றி விற்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை புதிய ரயில் பாதை அல்ல, இன்னொரு பெருந்திட்டமும் அல்ல. 2018 ஜனவரியில் ராஜகிரிய மேம்பாலம் திறந்தபோது நானும் சந்தோஷப்பட்டவள்தான். சில மாதத்தில் நெரிசல் அடுத்த சந்திக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. நான் கேட்பது, கொழும்பு, கம்பஹா, களுத்துறை மூன்று மாவட்டத்துக்கும் பஸ், ரயில், தரிப்பிடம், டிக்கெட் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு அதிகாரசபை, அதற்குச் சட்டத்தில் எழுதிய சொந்த வருமானம். இரண்டாவது இல்லாமல் முதலாவது வந்தால் இன்னொரு பெயர்ப்பலகைதான் மிச்சம். சென்னையைப் பாருங்கள். ஒருங்கிணைந்த போக்குவரத்துக்கென 2010 இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டப்படி அமைந்த குழுமம் முதல் தடவையாகக் கூடியது 2022 இல். பன்னிரண்டு வருடம்! பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி 2025 இல்தான் வந்தது.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் அதிகாரிகள் முதலில் கேட்பார்கள். திறைசேரியிடம் மட்டும் கேட்டால் முல்லைத்தீவில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் என் பெரியம்மாவும் கொழும்பின் சொகுசுக்குப் பணம் கட்டியதாகிவிடும். அது எனக்கு ஒப்பில்லை. இந்த மாகாணத்து வீதிகளை அடைத்துக்கொண்டு நிற்பவர்களிடமிருந்தே எடுக்கலாம். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடா வருடம் கட்டும் பணம் ஏற்கெனவே மாகாணத்துக்குத்தான் போகிறது. அதில் ஒரு பங்கைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கலாம். காலி வீதியிலும் டுப்ளிகேஷன் வீதியிலும் வாங்கும் பார்க்கிங் கட்டணத்தைக் கூட்டி, அதையும் சேர்க்கலாம். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்த பிறகு எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே புதுக் கார்கள் வந்து நிற்கின்றன. இங்கே பதியப்படும் ஒவ்வொரு காருக்கும் கட்டும் வரியிலிருந்து ஒரு சிறு துண்டு கேட்பது தப்பா? கார்க்காரர்கள் கோபிப்பார்கள். என் அண்ணாவிடம் கார் இருக்கிறது, இதைச் சொன்னதற்கே இரண்டு நாள் பேசவில்லை.

முழு மாகாணத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு வழித்தடம் போதும். 177 ஐயே எடுங்கள், நான் சுயநலக்காரி. அதில் ஓடும் உரிமையாளர்களோடு உட்கார்ந்து கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பேசி, வசூலை ஒரே கணக்கில் போட்டு, சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் கொடுத்து ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். கொள்ளுப்பிட்டிக்கு ரயில் வந்து ஐந்து நிமிடத்தில் ஒரு பஸ் கிளம்பட்டும். ரயில் சீசன் டிக்கெட்டையே பஸ்ஸிலும் காட்டலாம் என்று வையுங்கள். 2017 இல் ராஜகிரிய பக்கம் பஸ்ஸுக்கென்று தனி வழித்தடம் விட்டுப் பரீட்சித்தார்களே, அதைத் திரும்பவும் கொண்டுவந்தால் இந்தக் கணக்கு இன்னும் மலிவாக முடியும். பஸ் வேகமாகப் போனால் அதே சேவைக்குக் குறைந்த பஸ்கள் போதும்.

பஸ்ஸின் முன்பலகையில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல். மட்டக்குளியிலிருந்து முதல் தடவை இந்தப் பக்கம் வரும் ஒரு பாட்டி, யாரிடமும் கேட்காமல் சரியான பஸ்ஸில் ஏற வேண்டும். இதற்குக் கடனும் வேண்டாம், ஜைக்காவும் வேண்டாம். ஒரு தூரிகையும் தமிழ் தெரிந்த ஒருவரும் போதும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் இதைப் பற்றி ஒரு வரி பதில் அனுப்பினால் நன்றி. தமிழில் வந்தால் மகிழ்ச்சி. சிங்களத்தில் வந்தாலும் வாசித்துவிடுவேன், பஸ்ஸில் பழகியது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரி