மெகாவாட் போதும், யூனிட்டைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றாலையும் சோலாரும் வைத்து மின்சாரம் விற்கும் ஒரு தனி நிறுவனம் எப்படி வளர்ந்தது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், படங்களும் பிரமாதம். ஆனால் முதல் வரியிலிருந்து மெகாவாட், மெகாவாட், மெகாவாட்தான். போன வருஷம் எத்தனை யூனிட் உற்பத்தியானது என்று எங்காவது வரும் என்று கடைசிப் பத்தி வரை பார்த்தேன், வரவே இல்லை. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் சில வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் எரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெகாவாட் என்பது இயந்திரத்தின் திறன், அவ்வளவுதான்; உண்மையில் தயாரான மின்சாரத்தை அளப்பது யூனிட். 100 மெகாவாட் ஒரு வருஷம் முழுக்க இடைவிடாமல் ஓடினால் 87.6 கோடி யூனிட் வரும். சூரியன் ராத்திரி வராது, மேகமும் விடாது, அதனால் சோலாரில் இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 17 கோடி சொச்சம் கிடைத்தாலே நல்ல இடம்தான். நல்ல காற்றுள்ள இடத்தில் காற்றாலை என்றால் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். ஆக ஒரே 100 மெகாவாட், ஆனால் விற்கக் கிடைப்பதில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

காற்றில் இன்னொரு வம்பு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்காகும், சந்தோஷம்தான், ஆனால் குறையும்போதும் அதே கணக்கு. நொடிக்கு 8 மீட்டர் அடித்த காற்று 7 மீட்டருக்கு இறங்கினால் வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியாது, சட்டை அதே மாதிரிதான் படபடக்கும். உள்ளே திரையில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். காற்று மந்தமான ஒரு பருவம் வந்தால் போதும், வங்கித் தவணைக்கு எங்கே போவது என்று மேலே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். நிலக்கரி நிலையம் என்றால் எரிபொருளுக்கு அவ்வப்போது செலவழிக்கலாம். இங்கே எரிபொருள் இலவசம், ஆனால் செலவில் பெரும்பகுதி முதல் நாளே கடனாக இறங்கிவிடுகிறது, அதனால் வட்டி ஒரு சதவீதம் ஏறினாலும் விலைக் கணக்கு ஆடிப்போகும்.

அப்புறம் கம்பி விஷயம். நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு சோலார் வயலை அறிக்கையில் 'முடிந்தது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தகடுகள் வரிசையாக நின்றன, வேலி போட்டாயிற்று. சப்ஸ்டேஷனுக்குப் போகும் லைனும் அதற்கான டிரான்ஸ்ஃபார்மரும்தான் வரவில்லை. தகடுகளுக்கு அடியில் புல் முட்டி உயரத்துக்கு வளர்ந்தது, அதை வெட்ட ஆள் போட்டோம். காவலாளியின் அறையில் விளக்கெரிய ஒரு டீசல் ஜெனரேட்டர் டுபுடுபு என்று ஓடிக்கொண்டிருந்தது, அத்தனை தகடு சுற்றி நிற்க. அந்த மெகாவாட்டும் 'வளர்ச்சி'க் கணக்கில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. லைன் வந்த இடத்திலும் நிம்மதி கிடையாது. காற்று நன்றாக அடிக்கிற நாளில்தான் எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்று பார்க்கும் மின்தொகுப்பு மையத்திலிருந்து போன் வரும், 'உற்பத்தியைக் குறையுங்கள்' என்று. இறக்கைகளைக் காற்றுக்கு ஒருக்களித்துத் திருப்பி நிறுத்துவோம். அந்த இழப்பு யார் தலையில் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

கட்டுரையில் 'சுதந்திர நிறுவனம்' என்று நாலைந்து முறை வருகிறது. கம்பி வைத்திருப்பவரே மின்சாரமும் தயாரித்த காலத்தில் வெளியாள் நுழையவே முடியாது. அமெரிக்காவில் 1978இல் வந்த சட்டம்தான் சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்கியாக வேண்டும் என்று மின் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. அந்த அர்த்தத்தில் சுதந்திரம், சரி. ஆனால் கம்பி ஒருவருடையது, கடன் இன்னொருவருடையது, நீண்டகாலத்துக்கு விலை பேசி வாங்குகிறவர் மூன்றாமவர். இந்த மூவரில் ஒருவர் முகம் திருப்பினாலும் கதை முடிந்தது. கட்டுரையில் அந்த மூவரையும் காணோம்.

சன்எடிசன் என்ற அமெரிக்க நிறுவனம் ஞாபகம் இருக்கிறதா? 2014இல் தன்னை உலகின் மிகப் பெரிய புதுப்பிக்கத்தக்க மின்திட்ட நிறுவனம் என்று சொல்லிக்கொண்டது. கடன் வாங்கி வாங்கி மற்ற நிறுவனங்களையும் திட்டங்களையும் வளைத்துப் போட்டது, ஃபர்ஸ்ட் விண்ட் என்ற காற்றாலை நிறுவனம் உட்பட. மெகாவாட் கணக்கு ஏறிக்கொண்டே போனது, பத்திரிகைகளும் அதையே எழுதின. 2016 ஏப்ரலில் திவால் மனு. இத்தனைக்கும் வெயில் குறையவில்லை, தகடுகளும் பழுதாகவில்லை. அதன் திட்டங்களில் பல வேறு கைகளுக்குப் போய் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தொழில் மோசம் என்று சொல்ல நான் வரவில்லை, நானே அதில் சாப்பிட்டவன். வளர்ந்த வேகத்தை மட்டும் அளந்தவர்களுக்கு அந்த வீழ்ச்சி திடீரென்று வந்ததாகத் தெரிந்தது, கடனைப் பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை.

அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஒரு நிறுவனத்துக்குப் போனால், கட்டியதில் எத்தனை மெகாவாட்டுக்கு லைன் இருக்கிறது, போன வருஷம் விற்ற யூனிட் எவ்வளவு, விற்பனை ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் ஓடும், கடன் அதற்கு முன்பே அடையுமா என்று கேட்டு வாங்கி வரட்டும். பதிலுக்கு டிரோனில் எடுத்த அழகான படம்தான் வருகிறதென்றால், 'கேட்டோம், இதுதான் வந்தது' என்று அடியில் எழுதி அதையே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஷிஃப்ட்காரர் ஒருவர்