மின்சாரம் வந்தபின் காணாமல் போகும் கோப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா மாவட்டங்களில் கரண்ட் போவதும் வருவதும் புதிதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நாள்கணக்கில் இருளில் கிடந்தோம். இன்றைக்குக் கல்லூரி, நூலகம், மருத்துவமனை என்று சில இடங்களில் மூன்று சர்வர்களைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக இயங்கும் கிளஸ்டர் போட்டு, ஸ்கேன் செய்த ஓலைச்சுவடியையும் எக்ஸ்ரே படத்தையும் அதில் வைக்கிறார்கள். மின்தடைக்கு மறுநாள் புகார் வரும்: "காலையில் ஏற்றிய கோப்பு சாயங்காலம் இல்லை, மற்ற கம்ப்யூட்டர்களில் வரவே இல்லை." வைரஸ் என்பார்கள். ஊழியர் அழித்துவிட்டார் என்று மெமோ கொடுப்பதும் உண்டு. மெமோவில் கையெழுத்துப் போடும் முன் கீழ்க்கண்டதைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

கரண்ட் வந்ததும் சர்வர், எல்லாவற்றையும் கேபிளில் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாக எழுகின்றன. ஸ்விட்சில் பழைய ஸ்பேனிங் ட்ரீ (இணைப்புகள் வட்டமாகிவிடாமல் தடுக்கும் முறை) ஓடினால், அது ஒவ்வொரு போர்ட்டையும் 15 விநாடி, மறுபடி 15 விநாடி என்று 30 விநாடி நிறுத்திவைத்த பிறகே திறக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் மவுண்ட் செய்ய, அதாவது கிளஸ்டரைத் தன் டைரக்டரி ஒன்றில் இணைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிடும். எஃப்எஸ்டேப் (fstab) என்ற மவுண்ட் பட்டியல் கோப்பின் வரியில் 'நோஃபெயில்' (nofail) இருந்தால் பூட் எந்தத் தடையும் இல்லாமல் முடியும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. மவுண்ட் ஆக வேண்டிய டைரக்டரி காலியாக நிற்கும். ஸ்கேனர் மென்பொருள் அதற்குள்ளேயே, அதாவது உள்ளூர் டிஸ்கிலேயே, பகல் முழுக்க எழுதும். மாலையில் யாராவது கையால் மவுண்ட் செய்தால், எழுதியவை அத்தனையும் திரை இழுத்துவிட்டதுபோல் மறைந்துவிடும். அழியவில்லை, அடியில் இருக்கின்றன.

கண்டுபிடிக்கும் வழி: டைரக்டரி திறக்கிறதே என்று நம்பாமல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஃபைண்ட்மவுண்ட்' (findmnt) கட்டளையை ஓட்டி, அது உண்மையில் கிளஸ்டரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்த தடயம் டிஸ்க் கணக்கு. டிஸ்கில் மொத்தம் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் 'டிஎஃப்' (df) கட்டளை, ரூட் (உள்ளூர் டிஸ்கின் அடிமட்ட டைரக்டரி) நிரம்பிவிட்டது என்று காட்டும். கண்ணில் படும் கோப்புகளை 'டியூ' (du) கூட்டினால் அவ்வளவு வராது. அழித்த பிறகும் ஏதாவது புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பும் இப்படிக் காட்டும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' (lsof) ஓட்டி அதை விலக்கிவிட்டால், மிச்சம் மவுண்டுக்கு அடியில்தான். அதை எடுக்க வேலையை நிறுத்த வேண்டாம். ரூட்டை வேறொரு காலி டைரக்டரியிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் (bind) செய்து அந்த வழியாக உள்ளே போனால் மறைந்தவை கண்ணில் படும். 'ஆர்பைண்ட்' (rbind) போடக் கூடாது. போட்டால் மேலே உள்ள மவுண்டும் கூடவே வந்து மறுபடி மறைக்கும். அங்கிருந்து நகலெடுக்கும் கட்டளையான 'ஆர்சிங்க்' (rsync) மூலம் கிளஸ்டரில் ஒரு தனி டைரக்டரிக்கு நகலெடுங்கள். நேரே பழைய இடத்தில் கொட்டினால் அதே பெயரில் இருக்கும் கோப்பு மேலெழுதப்படும்.

மறுபடி வராமலிருக்க, மவுண்டைக் கழற்றிய நிலையில் அந்தக் காலி டைரக்டரிக்கு 'சேட்டர்' (chattr) கட்டளையில், எதையும் மாற்ற முடியாதபடி பூட்டும் '+ஐ' (+i) கொடுத்துவிடுங்கள். அதன்மேல் மவுண்ட் செய்யலாம். மவுண்ட் இல்லாதபோது எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' பயனரால்கூட எழுத முடியாது. ஸ்கேனர் உடனே பிழை காட்டும், ஊழியரும் உடனே சொல்வார். இந்த ஒரு வரியைச் செய்யாமல் லட்சக்கணக்கில் சர்வர் வாங்குவது மனதுக்கு வேதனையாக இருக்கிறது. கூடவே எஃப்எஸ்டேபில் '_நெட்டெவ்' (_netdev), 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' (x-systemd.automount) இரண்டையும் சேர்த்தால், கோப்பைத் தொடும் நேரத்தில் மவுண்ட் நடக்கும். சர்வரும் கம்ப்யூட்டரும் செருகிய போர்ட்டுகளை ஸ்விட்ச் அமைப்பில் எட்ஜ் போர்ட்டாக (உடனே திறக்கும் போர்ட்) மாற்றினால் அந்த 30 விநாடி காத்திருப்பும் போய்விடும்.

கிளஸ்டர் சேமிப்புக்கு குளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS) என்ற மென்பொருள் வைத்திருப்போருக்கு இன்னொன்று. மவுண்ட் வரியில் ஒரு சர்வர் பெயர்தான் இருக்கும். அது எழவில்லையென்றால் மற்ற இரண்டும் நன்றாக இருந்தும் மவுண்ட் ஆகாது. 'பேக்கப்-வால்ஃபைல்-சர்வர்ஸ்' (backup-volfile-servers) என்று மற்ற இரண்டையும் எழுதுங்கள். சர்வர் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரே கிளஸ்டருக்குள் இருக்கும் விர்ச்சுவல் மெஷின் என்றால், கிளஸ்டருக்காக அதுவும் அதற்காகக் கிளஸ்டரும் காத்துக் கிடக்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஐபி முகவரிகளை எழுதிவிடுவதே பாதுகாப்பு. ரெப்ளிகா 2, அதாவது இரண்டே பிரதி வைக்கும் முறை, வேண்டவே வேண்டாம். மின்தடையில் இரு பிரதியும் வெவ்வேறாகிவிட்டால் எது சரி என்று முடிவு செய்ய மூன்றாவது சாட்சி கிடையாது. குறைந்தபட்சம் அந்தச் சாட்சி வேலை செய்யும் ஒரு ஆர்பிட்டராவது வேண்டும்.

என்எஃப்எஸ் (NFS) என்ற கோப்புப் பகிர்வு முறையில் ஒரு கம்ப்யூட்டரில் சேமித்தது மற்றொன்றில் ஒரு நிமிடம் வரை தெரியாதிருப்பது கோளாறில்லை. கம்ப்யூட்டர் தற்காலிகமாக நினைவில் வைக்கும் கேஷ் அப்படித்தான், டைரக்டரிக்கு 30 முதல் 60 விநாடி. ஆனால் சர்வர் பதில் தராவிட்டால் முயற்சியைக் கைவிடும் 'சாஃப்ட்' மவுண்டில் எழுதாதீர்கள், பாதி எழுதிய கோப்பு மிஞ்சும்.

செஃப் (Ceph) என்ற மென்பொருளில் ஓடும் கிளஸ்டரில் சர்வர்களின் கடிகாரங்கள் 0.05 விநாடி விலகினாலே எச்சரிக்கை வரும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் இது நடக்கும். பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்யும் 'க்ரோனி' (chrony) ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சர்வருக்கு யுபிஎஸ் கேட்கும் டெண்டர்களில் நெட்வொர்க் ஸ்விட்ச் விடுபட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஸ்விட்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், ஒப்படைக்கும் நாளில் கட்டடத்தின் மின்சார மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் மவுண்ட் தானாக வருகிறதா என்று காட்ட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை நிர்வாகங்கள் வரும் மழைக்காலத்துக்கு முன் சேர்க்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர்,
கும்பகோணம்